பல்லாண்டுக் கூட்டாளிகளும் கட்டற்ற இசையும்: ஓர் எளிய அறிமுகம்

ராகம் இல்லை, தாளம் இல்லை, எழுதிவைத்த பாட்டும் இல்லை என்று கட்டற்ற இசையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வாய்க்கு வந்ததை ஊதுகிறார்கள், கைக்கு வந்ததைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று. அதே ஆட்களை ஒரு தேர்ந்த குழுவின் நிகழ்ச்சிக்கு அழைத்துப்போனால் நேரெதிரான சந்தேகம் வந்துவிடும். மூன்று பேர் அரை மணி நேரம் வாசித்துவிட்டு ஒரே நொடியில் நிறுத்துகிறார்களே, ஒத்திகை பார்க்காமல் இது எப்படி நடக்கும்? ரகசியமாக ஏதோ பேசிவைத்திருக்க வேண்டும்!

இரண்டுமே தவறு. கட்டற்ற இசை என்பது, முன்கூட்டி எதையும் தீர்மானிக்காமல், எந்த ஒரு இசை மரபின் இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல், மேடையிலேயே சேர்ந்து உருவாக்கும் இசை. அதில் ஒழுங்கு உண்டு. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் அந்த ஒழுங்கு இருக்கிறது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாசித்த குழுக்களைக் கவனித்தால் இது தெளிவாகப் புரியும். அதனால்தான் இந்த விளக்கத்தை அவர்களை வைத்தே சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த கச்சேரியிலிருந்து

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகர் தோடி ராகத்தை ஆலாபனை செய்கிறார். எதுவும் எழுதிவைத்ததில்லை. வயலின் வாசிப்பவர் நிழல் போலப் பின்தொடர்கிறார். கல்பனாஸ்வரத்தில் பாடகர் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து இறங்கும்போது மிருதங்கமும் அதே இடத்தில் இறங்குகிறது. அரங்கம் கைதட்டுகிறது.

இங்கே இரண்டு வகை அறிவு சேர்ந்து வேலை செய்கிறது. ஒன்று, இலக்கண அறிவு. தோடியில் எந்தப் பிரயோகம் வரும், எது வரவே வராது என்பது மேடையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னொன்று, ஆளைப் பற்றிய அறிவு. பல ஆண்டுகள் ஒரே பாடகருக்கு வாசித்த வயலின் வித்வானுக்கு, அவர் மூச்சை இழுக்கும் விதத்திலிருந்தே அடுத்து எங்கே போகப்போகிறார் என்று தெரிந்துவிடும். புதிதாக வந்தவருக்கு ராகம் தெரியும், பாடகரைத் தெரியாது. வித்தியாசம் ரசிகர்களின் காதில் உடனே விழும்.

கட்டற்ற இசையில் முதல் வகை அறிவுக்கு வேலையே இல்லை. ராகம், தாளம், கிருதி, எடுப்பு எதுவும் கிடையாது. கச்சேரியில் இலக்கணமும் ஆளும் பகிர்ந்துகொண்ட பாரத்தை இங்கே ஆளைப் பற்றிய அறிவு மட்டுமே சுமக்கிறது. நீண்ட காலக் கூட்டு இந்த இசைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

எதை விட்டார்கள்?

இந்த இசையைப் பற்றி மிகத் தெளிவாக யோசித்தவர்களில் ஒருவர் டெரெக் பெய்லி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1930இல் பிறந்த கிதார் கலைஞர். உடனடியாக இசை படைக்கும் மரபுகளைப் பற்றி 1980இல் அவர் வெளியிட்ட நூலில் முதலில் பேசுவது இந்திய இசையைப் பற்றித்தான். பிறகு ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ, ஐரோப்பியத் தேவாலய ஆர்கன், ஜாஸ் என்று போகிறார். இவை எல்லாவற்றிலும் கலைஞர் சொந்தமாகப் படைக்கிறார், ஆனால் ஓர் இசைமொழிக்குள் நின்று படைக்கிறார். இசைமொழி என்றால் இது தோடி, இது ஃப்ளமெங்கோ, இது ஜாஸ் என்று நாம் அடையாளம் கண்டுகொள்ள உதவும் பொது இலக்கணம். இப்படி எந்த இசைமொழியையும் சாராமல் வாசிப்பதைத்தான் பெய்லி தனியாகப் பிரித்துக் காட்டினார்.

1960களின் நடுவில் இந்த வகை இசை பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலையெடுத்தது. லண்டனில் 1965இல் ஏஎம்எம் என்ற குழு தொடங்கியது. அடுத்த ஆண்டு, அதே நகரின் லிட்டில் தியேட்டர் கிளப்பில் டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் நண்பர்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியிலும் தனித்தனி வட்டங்கள் உருவாயின. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த கதை ஷெஃபீல்டுடையது. இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஷெஃபீல்டு மாடியறை

1963. எஃகு ஆலைகள் நிறைந்த ஷெஃபீல்டில் கிரேப்ஸ் என்ற மதுக்கடையின் மாடியறை. சனிக்கிழமை மதியங்களில் மூன்று பேர் அங்கே ஜாஸ் வாசித்தார்கள். பெய்லிக்கு வயது 33. நடன அரங்குகளிலும் இரவு விடுதிகளிலும் கிதார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். டிரம்ஸ் வாசித்த டோனி ஆக்ஸ்லிக்கு வயது இருபதுகளின் நடுவில். பாஸ் என்ற தாழ்ந்த ஸ்தாயிக் கம்பிக்கருவியை வாசித்த கேவின் பிரையர்ஸ் இருபது வயது தத்துவ மாணவர். குழுவுக்கு ஜோசப் ஹோல்ப்ரூக் என்று பெயர் வைத்தார்கள். அது ஓர் ஆங்கில இசையமைப்பாளரின் பெயர். அவர் இசையை அவர்கள் வாசித்ததே இல்லை.

தொடக்கத்தில் அவர்கள் வாசித்தது வழக்கமான ஜாஸ். ஜாஸில் ஒரு மெட்டு உண்டு. அதற்கு அடியில் ஸ்வரக்கூட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள், ஒரு வரிசையில் சுழன்று சுழன்று வரும். டிரம்ஸ் சீரான நடையைத் தாங்கிப்பிடிக்கும். ஒருவர் முன்னால் நின்று வாசிக்க மற்றவர்கள் பக்கவாத்தியமாக இருப்பார்கள்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆக்ஸ்லி நடையின் மேல் வேறு வேறு எண்ணிக்கைகளை ஏற்றி வாசிக்கத் தொடங்கினார். நாளடைவில் அடி எங்கே விழுகிறது என்பது மங்கிப்போனது. ஸ்வரக்கூட்டுகளின் சுழற்சியைக் குறைத்து ஒரே ஸ்வரத்தொகுதியில் நெடுநேரம் நின்றார்கள், பிறகு அதையும் விட்டார்கள். முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் என்ற பாகுபாடும் போனது. 1965இல் ஓர் ஒத்திகையின்போது பதிவான சுமார் பத்து நிமிட ஒலிநாடா எஞ்சியிருக்கிறது. அதில் அவர்கள் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ஒரு ஜாஸ் உருப்படியை வாசிக்கிறார்கள். ஒரு வீட்டின் கூரை பாதி பிரிக்கப்பட்ட நிலையில் எடுத்த புகைப்படம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசையை. முதல் நாளே "இனி விதிகள் இல்லை" என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு பிடிமானத்தை விடும்போதெல்லாம், அது செய்துவந்த வேலையைச் செய்ய மற்ற இருவரையும் இன்னும் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. நடை மங்கியபோது ஆக்ஸ்லியின் கைகளைக் கேட்டார்கள். ஸ்வரக்கூட்டு மறைந்தபோது பிரையர்ஸ் அடுத்து எந்த ஸ்வரத்தைத் தொடுவார் என்பதைக் கேட்டார்கள். கூட்டு இறுக இறுகத்தான் கட்டுகள் தளர்ந்தன. தலைகீழாக நடந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

1966இல் குழு கலைந்தது. 32 ஆண்டுகள் கழித்து, 1998இல் ஆக்ஸ்லியின் அறுபதாவது பிறந்தநாளையொட்டி ஜெர்மனியின் கொலோன் நகரில் மூவரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பொது இலக்கணத்தை விட்டால் அந்த இடத்தை நிரப்ப ஒருவரையொருவர் அறிந்திருப்பது தேவைப்படுகிறது. அந்த அறிவு காலப்போக்கில்தான் சேரும்.

ஒவ்வொருவரின் கைச்சரக்கு

எதுவும் தீர்மானிக்காமல் மேடையேறுகிறார்கள் என்றால் வெறுங்கையோடு ஏறுகிறார்கள் என்று பொருள் அல்ல. ஒவ்வொரு கலைஞரிடமும் பல ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து உழைத்துச் சேர்த்த ஒலிகள் இருக்கின்றன. அதைக் கைச்சரக்கு என்று வைத்துக்கொள்வோம்.

எவன் பார்க்கர் என்ற சாக்ஸபோன் கலைஞரைப் பாருங்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும் வித்தையை அவர் கற்றுத் தேர்ந்தார். இதற்குச் சுழல்மூச்சு என்று பெயர். மகுடி ஊதுபவர்களுக்கும் இது கைவந்த கலை. இதனால் அவர் இடைவெளியே இல்லாமல் பல நிமிடங்கள் ஊத முடியும். ஒரே கருவியிலிருந்து இரண்டு மூன்று இழைகள் பின்னிப் பின்னி வருவது போலக் கேட்கும். ஏஎம்எம் குழுவின் கீத் ரோ கிதாரை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கம்பிகளை உலோகத் துண்டுகளால் உரசி வாசித்தார். வானொலிப் பெட்டியும் அவர் கருவிகளில் ஒன்று.

இந்த ஒலிகளில் பலவற்றுக்கு ஸ்வரப் பெயர் கிடையாது. எனவே இந்த இசையைக் கேட்கும்போது ஸ்வரத்தைவிட ஒலிநிறம் முக்கியமாகிறது. ஒரே ஸ்வரத்தை வீணையும் நாகஸ்வரமும் வாசித்தால் நமக்கு வித்தியாசம் தெரிகிறது அல்லவா, அந்த வித்தியாசமே ஒலிநிறம். அதோடு சத்தம் பெரிதா சிறிதா, ஒலிகள் நெருக்கமா விலகலா, நீளமா துண்டா, மௌனம் எவ்வளவு என்பவை. இந்த இசையில் வாக்கியம் அமைவது இவற்றால்தான்.

இருபது நொடியில் என்ன நடக்கிறது?

மேடையில் சாக்ஸபோனும் டிரம்ஸும் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாக்ஸபோன்காரர் சீவாளியை நாக்கால் தட்டி 'டொக்' என்று ஒரு வறண்ட ஒலியை எழுப்புகிறார். இரண்டு நொடி மௌனம். மீண்டும் ஒரு 'டொக்'. டிரம்ஸ்காரருக்கு இப்போது நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. மரக்கட்டையில் அதே போன்ற வறண்ட ஒலியைத் தட்டிச் சேர்ந்துகொள்ளலாம். சிம்பல் என்ற உலோகத் தட்டின் விளிம்பை வில்லால் உரசி, நீண்ட ஒலி ஒன்றை எதிராக வைக்கலாம். காதில் விழாதது போலத் தன் பாட்டுக்கு வேறொன்றைத் தொடங்கலாம். அல்லது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம்.

அவர் சிம்பலை உரசுகிறார். அந்த ஒலி எழும்பியதும் முதலில் வந்த இரண்டு 'டொக்'குகளின் பொருளே மாறிவிடுகிறது. தனியாக நின்றபோது அவை ஒரு தொடக்கம். இப்போது நீண்ட கோட்டின் மேல் விழுந்த புள்ளிகள். சாக்ஸபோன்காரர் இதைக் கேட்டு, புள்ளிகளைத் தொடர்வதா, தானும் நீண்ட ஒலிக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. ஒவ்வொரு அசைவும் முந்தையதற்குப் பதிலாகவும் அடுத்ததற்குக் கேள்வியாகவும் இருக்கிறது.

புதியவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது நான்கில் முதல் வழிதான் மிகுதியாக வரும். ஒருவர் வேகமெடுத்தால் எல்லோரும் வேகமெடுப்பார்கள், ஒருவர் அடங்கினால் எல்லோரும் அடங்குவார்கள். பின்பற்றுவது மரியாதையாகத் தெரிகிறது. ஆனால் கால் மணி நேரத்தில் சலித்துவிடும்.

ஆண்டுகள் சேர்ப்பது என்ன?

பியானோ கலைஞர் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பென்பாக், எவன் பார்க்கர், டிரம்ஸ் கலைஞர் பால் லோவென்ஸ் மூவரும் 1970களின் தொடக்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களின் முதல் இசைத்தட்டு 1972இல் பதிவானது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக வாசித்தார்கள். குளிர்காலந்தோறும் ஐரோப்பிய ஊர்களுக்குச் சுற்றுப்பயணம் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர்களிடம் என்ன இருந்தது?

ஒருவரின் கைச்சரக்கு மற்றவருக்கு முழுமையாகத் தெரியும் என்பது முதல் பதில். மேலோட்டமாகப் பார்த்தால் இது சலிப்புக்குக் காரணமாக வேண்டும். நடப்பது வேறு. பார்க்கரின் வழக்கம் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அவர் வழக்கத்தை மீறும் கணம் கேட்கும். அந்நியருக்குப் பார்க்கர் செய்வது எல்லாமே புதிது. அதனால் எது உண்மையிலேயே புதிது என்று பிரித்தறிய முடியாது. பழகிய காதில் அது ஒரு நொடியில் பிடிபடுகிறது, பதிலும் உடனே வருகிறது.

இன்னொன்று, பதில் சொல்லாமல் இருக்கும் துணிவு. மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது வழிகளைப் புதியவர்கள் எடுக்கத் தயங்குவார்கள். தன் பாட்டுக்கு வாசித்தால் கூட்டாளி புண்பட்டுவிடுவாரோ, நிறுத்தினால் அவரைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம். பல்லாண்டுக் கூட்டாளிகளுக்குள் அந்தப் பயம் இல்லை. ஒருவர் ஐந்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மற்றவர்கள் அதையும் வாசிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆஸ்திரேலியாவின் த நெக்ஸ் குழு இதற்கு முற்றிலும் வேறு வகையான சான்று. பியானோவில் கிறிஸ் ஆப்ரஹாம்ஸ், பாஸில் லாய்டு ஸ்வான்டன், டிரம்ஸில் டோனி பக் என்று 1987 முதல் அதே மூன்று பேர். சிட்னியில் சேர்ந்தபோது மேடையேறும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. பல மாதங்கள் தங்களுக்காக மட்டும் வாசித்தார்கள். இன்று அவர்கள் மேடையேறினால் என்ன வாசிப்பது என்று பேசிக்கொள்வதில்லை. கொஞ்சநேரம் சும்மா இருப்பார்கள். யாராவது ஒருவர் ஒரு சிறு ஒலியைத் தொடங்குவார். மற்ற இருவரும் அவசரமின்றி வந்து சேர்வார்கள். ஒரு துணுக்கு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு மாறி. சுமார் ஒரு மணி நேரம், இடைவெளி இல்லாத ஒரே உருப்படி. பத்தாம் நிமிடத்தில் கேட்டதற்கும் நாற்பதாம் நிமிடத்தில் கேட்பதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கும், ஆனால் எந்த இடத்தில் மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாது. இவ்வளவு மெதுவாக மாற மூவருக்கும் ஒரே அளவு பொறுமை வேண்டும். ஒருவர் அவசரப்பட்டாலும் குலைந்துவிடும்.

முடிவு எப்படித் தெரிகிறது?

தொடக்கத்தில் சொன்ன சந்தேகம் இதைப் பற்றியது: எல்லோரும் ஒரே நேரத்தில் எப்படி நிறுத்துகிறார்கள்? சைகை இல்லை, கடிகாரம் பார்ப்பதும் இல்லை. ஒரு முடிவு வருவதற்கு முன்பு வாய்ப்புகள் பல தடவை வந்துபோகின்றன. ஒலிகள் மெலியும், இடைவெளிகள் நீளும். அப்போது ஒருவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இசை மீண்டும் எழுந்துவிடும். யாரும் சேர்க்கவில்லை என்றால் அதுவே முடிவு. அதாவது முடிவு என்பது மூன்று பேரும் ஒரே சமயத்தில் எதையும் சேர்க்காமல் விட்டது. பழகாத குழுக்களில் யாராவது ஒருவர் கடைசியாக ஒன்றைத் தட்டிவிடுவார். பழகியவர்கள் மௌனத்தை மௌனமாகவே விடுவார்கள்.

பழக்கம் என்ற ஆபத்து

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஆட்களோடு முப்பது ஆண்டுகள் வாசித்தால் அந்தக் குழுவுக்கென்று ஓர் இசைமொழி உருவாகிவிடாதா? எந்த இலக்கணத்தை விட்டு வெளியேறினார்களோ அதைப் போன்ற ஒன்றைத் தாங்களே கட்டிவிட மாட்டார்களா?

பெய்லிக்கு இந்தக் கவலை பலமாக இருந்தது. 1976இல் கம்பெனி என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கு நிலையான உறுப்பினர்கள் கிடையாது. அடுத்த ஆண்டிலிருந்து 1994 வரை, கம்பெனி வாரம் என்ற பெயரில் லண்டனில் பல நாள் நிகழ்ச்சிகள் நடத்தினார். ஒருவரையொருவர் அதிகம் அறியாத கலைஞர்களையும் வெவ்வேறு நாடுகளிலிருந்து வரவழைத்து, வெவ்வேறு சேர்க்கைகளில் வாசிக்கவைத்தார். உறவு இன்னும் படியாத நிலையில்தான் இசை உயிரோடு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

நெதர்லாந்தின் பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பெர்க்கும் டிரம்ஸ் கலைஞர் ஹான் பென்னிங்கும் இதே ஆபத்துக்கு வேறு வைத்தியம் கண்டார்கள். 1964இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபிக்கு இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். 1967இல் மூன்றாவது நண்பரோடு ஆம்ஸ்டர்டாமில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டுக் கூட்டு அது. அவர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதையே முறையாக வைத்திருந்தார்கள். மெங்கல்பெர்க் பியானோவில் நிதானமாக ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருப்பார். பென்னிங் இடிபோல முழங்கி அதை மூழ்கடிப்பார், அல்லது டிரம்ஸை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து மேடைப் பலகையைத் தட்டத் தொடங்குவார். மெங்கல்பெர்க் அசரமாட்டார். இந்தக் குழப்படியைத் தாங்கும் வலு அவர்களின் நட்புக்கு இருந்தது. அந்நியர் இருவர் இதைச் செய்தால் பத்து நிமிடத்தில் சண்டையில் முடியும்.

பெய்லியின் கவலை நியாயமானது, ஆனால் அவர் முடிவோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அந்நியர்கள் சந்திக்கும்போது ஒரு மின்னல் கிடைக்கும் என்பது உண்மை. நெக்ஸ் குழுவின் ஒரு மணி நேர மெதுநகர்வோ, மெங்கல்பெர்க்–பென்னிங் ஜோடியின் துணிச்சலோ அந்தச் சந்திப்பில் கிடைக்காது.

பிரையர்ஸின் ஆட்சேபம் இன்னும் ஆழமானது. அவர் 1966இல் இந்த வகை வாசிப்பையே கைவிட்டு இசையமைப்பாளரானார். இந்த இசையில் படைப்பையும் படைப்பவரையும் பிரிக்கவே முடிவதில்லை, ஆள் எப்போதும் இசையின் முன்னாலேயே நிற்கிறார் என்பது அவர் குறை. அவர் சொன்னது சரி. அவருக்குக் குறையாகப்பட்டது எதுவோ, அதன்மேல்தான் இந்தக் கூட்டுகள் அத்தனையும் நிற்கின்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

புதியவர்களுக்கு நெக்ஸ் குழுவே நல்ல வாசல். ஒலிகள் பழக்கமானவை, மாற்றம் மெதுவானது. பிறகு ஷ்லிப்பென்பாக் மூவர். அவர்களிடம் ஜாஸின் வேகம் மிச்சமிருப்பதால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும். ஏஎம்எம் குழுவைக் கடைசியில் வையுங்கள். அங்கே மௌனம் அதிகம், சிறு ஒலிகளுக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும். கேட்கும்போது மூன்று கருவிகளையும் சேர்த்துப் பிடிக்க முயலாதீர்கள். ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் பின்தொடருங்கள். அவர் எப்போது மாறுகிறார், மாறும் முன் மற்றவர்களிடமிருந்து எதைக் கேட்டார் என்று தேடுங்கள்.

வாசித்தும் பார்க்கலாம். ஜான் ஸ்டீவன்ஸ் இசை தெரியாதவர்களுக்கும் சேர்த்துப் பல பயிற்சிகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றுக்கு ஒரே விதி: ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த மிகக் குறுகிய ஒலியை எழுப்ப வேண்டும், எப்போது வேண்டுமானாலும். மேசையில் ஒரு தட்டு, நாக்கால் ஒரு சொடுக்கு போதும். முதலில் மழைத்துளிகள் போலச் சிதறி விழும். கொஞ்சநேரத்தில், யாரும் திட்டமிடாமலேயே, ஒருவர் தட்டு விட்ட இடைவெளியில் இன்னொருவர் தட்டு விழத் தொடங்கும். இன்னொரு பயிற்சியில் ஒரே மூச்சில் முடிந்தவரை நீளமான ஒலி. அருகில் இருப்பவரின் ஒலி காதில் விழவில்லை என்றால் உங்கள் ஒலி பெரிதாக இருக்கிறது என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரோடு இதைச் செய்துபாருங்கள். அடுத்த வாரம் ஆளை மாற்றாமல் அதே ஒருவரோடு மீண்டும் செய்யுங்கள்.